காற்று ஒன்று, ஆங்கிலச் சொல் பல: பிள்ளைகளுக்குக் கற்றுத்தர முழுமையான வழிகாட்டி

"சைக்கிள்ல காத்து இல்ல." "ஜன்னலைத் திற, காத்து வரட்டும்." "நேத்து ராத்திரி பயங்கரக் காத்து." மூன்று வாக்கியத்திலும் நமக்கு ஒரே சொல்தான். ஆங்கிலத்தில் முதலாவது ஏர், இரண்டாவது ஃபிரெஷ் ஏர் அல்லது பிரீஸ், மூன்றாவது விண்ட். நான்காம் வகுப்புப் பிள்ளை "தேர் இஸ் நோ விண்ட் இன் மை சைக்கிள்" என்று எழுதினால் அதற்கு ஆங்கிலம் தெரியவில்லை என்று அர்த்தமில்லை. தாய்மொழி ஒரே சொல்லில் முடித்துவிட்ட விஷயத்தை அது அப்படியே எடுத்துப் போகிறது, அவ்வளவுதான். அதனால் காற்று பற்றிய சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்யவைப்பதில் பெரிய பலன் இல்லை. தமிழ்ச் சொல் எங்கே கிளை பிரிகிறது என்பதை முதலில் காட்டவேண்டும்.

இந்த வழிகாட்டி மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும். கீழே வருபவற்றில் 24 சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் 5 நாள், நாளுக்கு 20 நிமிடம், 3 வாரம். ஒரு நாளைக்குப் புதிய சொல் நான்குக்கு மேல் வேண்டாம். அப்படிப் பார்த்தால் புதுச் சொல்லுக்கு 6 நாள்தான் போகும். மீதி 9 நாளும் செய்து பார்க்கவும் திருப்பிச் சொல்லவும். இந்த 9 நாளை மிச்சப்படுத்தி முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் முடித்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பத்து நாள் கழித்துக் கேட்டால் பிள்ளைக்கு "விண்டி" ஒன்று மட்டும் நினைவிருக்கும்.

கட்டுரை முழுக்க ஆங்கிலச் சொற்கள் தமிழெழுத்தில் இருக்கின்றன, நீங்கள் படிக்க வசதியாக. பிள்ளையின் நோட்டில் இப்படி எழுதவிடாதீர்கள். காரணம் உச்சரிப்புப் பகுதியில் வருகிறது.

முதல் படி: ஏரா, விண்டா?

இயற்கை நகர்த்தினால் விண்ட். அடைபட்டிருந்தால், சும்மா சூழ்ந்திருந்தால், மனிதரோ மெஷினோ நகர்த்தினால் ஏர். இந்த ஒரு விதி பத்தில் ஒன்பது இடத்தில் கைகொடுக்கும். டயருக்குள் இருப்பது ஏர். பலூனுக்குள் ஏர். நாம் மூச்சு இழுப்பது ஏர். ஏசியிலிருந்து வருவது கோல்ட் ஏர். தென்னை ஓலையை ஆட்டுவது விண்ட். ஃபேன் காற்று மட்டும் இடையில் நிற்கும். அது முகத்தில் படும்போது பிரீஸ் என்று சொல்லலாம், விண்ட் என்று சொல்வது வழக்கமில்லை.

செய்யவைக்கும் விதம் இது. எட்டுத் துண்டுத்தாளில் எட்டுத் தமிழ் வாக்கியம் எழுதுங்கள்: பந்தில் காற்று இறங்கிவிட்டது, காற்றில் துணி பறந்துபோனது, இந்த அறையில் காற்றே இல்லை, மலைமேல் காற்று சுத்தமாக இருக்கும், காற்று அடித்து மரம் சாய்ந்தது, இப்படி. தரையில் இரண்டு வட்டம் போட்டு, ஒன்றில் ஏர், மற்றதில் விண்ட். பிள்ளை ஒவ்வொரு தாளையும் வைக்கும்போது "ஏன்?" என்று கேளுங்கள். சரியான வட்டத்தில் வைத்ததைவிட அது சொல்லும் காரணம் முக்கியம். "அறையில் காற்றே இல்லை" என்ற தாளில் பெரும்பாலும் தடுமாறும். அது புழுக்கம், ஆங்கிலத்தில் ஏரும் வேண்டாம், விண்டும் வேண்டாம், "இட்ஸ் ஸ்டஃபி" போதும். அந்தத் தாளை இரண்டு வட்டத்துக்கும் வெளியே வைக்கச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பு என்பது சொல்லுக்குச் சொல் மாற்றுவது அல்ல என்பது அந்த ஒரு தாளிலேயே புரிந்துவிடும்.

"காற்று வாங்கப் போனேன்" என்பதை யாராவது விலைக்கு வாங்கும் 'பை' போட்டு எழுதினால் சிரித்துவிட்டு, "கெட் சம் ஃபிரெஷ் ஏர்" என்று மாற்றித்தாருங்கள். இன்னொன்று: பிரிட்டிஷ் பேச்சில் வயிற்று வாயுவுக்கும் விண்ட் என்றே பெயர். நீங்கள் சொல்லாவிட்டாலும் வகுப்பில் ஒருவன் கண்டுபிடித்துவிடுவான், எனவே நீங்களே சொல்லி முடித்துவிடுவது நல்லது.

இரண்டாம் படி: வாயும் காதும்

தமிழில் ட் என்ற ஓர் எழுத்து இரண்டு ஒலிக்கு வேலை செய்கிறது. 'பட்டு' என்னும்போது ஒன்று, 'வண்டி' என்னும்போது இன்னொன்று. விண்ட் என்பதன் கடைசி ஒலி 'வண்டி'யில் வருவது. கஸ்ட் என்பதன் கடைசி ஒலி 'பட்டு'வில் வருவது, முதல் ஒலியோ 'தங்கம்' என்பதில் வரும் க. தமிழெழுத்தில் எழுதிப் படித்தால் இந்த வேறுபாடெல்லாம் காணாமல் போகும். நோட்டில் ஆங்கில எழுத்துதான் வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

இதைவிடப் பெரிய சிக்கல் வ. வெஸ்ட் என்று ஒரு தரம் சொல்லிப் பாருங்கள். மேற்குத் திசைக்கும் பனியனுக்கும் நம் வாயில் ஒரே ஒலி. "காற்று மேற்கிலிருந்து வீசுகிறது" என்பது கேட்பவருக்குப் பனியனிலிருந்து வீசுவதாகப் போய்ச் சேரலாம். கையில் ஒரு கண்ணாடி கொடுங்கள். டபிள்யூவில் தொடங்கும் மேற்குக்கு உதடு இரண்டும் விசிலடிப்பதுபோல் குவியவேண்டும், பல் தெரியக்கூடாது. வி எழுத்தில் தொடங்கும் பனியனுக்கு மேல்பல் கீழுதட்டைத் தொடவேண்டும். விண்ட், விண்டோ, வெதர் எல்லாம் குவியும் கூட்டம். காற்றின் திசையைக் காட்டும் வேன், பல் தொடும் கூட்டம். கண்ணாடியைப் பார்த்தபடி மாறிமாறிப் பத்துத் தடவை, அதற்குமேல் போனால் பிள்ளைக்கு அலுத்துவிடும்.

பிரீஸ் என்பதன் முடிவில் ஸெட் ஒலி இருக்கிறது. தொண்டையில் விரலை வைத்துச் சொன்னால் அதிரவேண்டும். அதிராவிட்டால் அது வெறும் ஸ். காம் என்ற சொல்லில் எல் எழுத்து இருக்கிறது, ஆனால் ஒலிக்காது. "கால்ம்" என்று படிப்பதை முதல் நாளே திருத்துங்கள். சொல்லின் கடைசியில் உகரம் ஒட்டிக்கொள்வது நம் பழக்கம்: விண்டு, கஸ்ட்டு, பிரீஸு. கடைசி எழுத்தில் வாயை டக்கென்று நிறுத்தச் சொன்னால் மெல்ல மெல்லக் குறையும்.

விண்ட் என்பதை அதே நான்கு எழுத்தில் எழுதி வைண்ட் என்றும் படிக்கவேண்டி வரும், சுற்றுதல் என்ற பொருளில். கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது, நூலைச் சுருட்டுவது எல்லாம் வைண்ட். இதைக் கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் ஆறாம் வகுப்புக்குத் தள்ளிவையுங்கள்.

மூன்றாம் படி: ஏணி

காம், பிரீஸ், விண்ட், கேல், ஸ்டார்ம், சைக்ளோன். வலிமை ஏறும் வரிசை. பலகையில் எழுதி ஒப்பிக்கவைப்பதைவிட, வெளியே எதைப் பார்த்தால் எந்தச் சொல் என்று காட்டுவது மனதில் நிற்கும். அதற்கு ஆயத்தமாக ஓர் அளவுகோல் இருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஃபிரான்சிஸ் போஃபோர்ட் 1805-இல் வகுத்தது. அவர் கணக்கு கப்பலின் பாயை வைத்து. மரம், புகை, குடை போன்ற நிலத்து அடையாளங்கள் பின்னால் சேர்ந்தவை. 0 முதல் 12 வரை பதின்மூன்று படி. பிள்ளைகளுக்கு அத்தனையும் வேண்டாம், இரட்டைப்படை எண்கள் போதும்:

0, காம்: ஊதுபத்திப் புகை நேராக மேலே போகும்.
2, லைட் பிரீஸ், மணிக்கு 6 முதல் 11 கி.மீ.: முகத்தில் படுவது தெரியும், இலை சலசலக்கும்.
4, மாடரேட் பிரீஸ், 20 முதல் 28: தூசி எழும், தெருவில் காகிதம் பறக்கும், சிறுகிளை ஆடும்.
6, ஸ்ட்ராங் பிரீஸ், 39 முதல் 49: பெரிய கிளைகள் ஆடும், மின்கம்பி விசிலடிக்கும், குடை பிடிப்பது சிரமம்.
8, கேல், 62 முதல் 74: மரத்திலிருந்து சுள்ளிகள் முறிந்து விழும், எதிர்த்து நடப்பது சிரமம்.
10, ஸ்டார்ம், 89 முதல் 102: மரம் வேரோடு சாயும்.
12, ஹரிக்கேன், 118-க்கு மேல்.

குடை பிடிப்பதே சிரமமான காற்றுக்கும் பிரீஸ் என்று பெயரா என்று பிள்ளை கேட்கும், கேட்கவேண்டும். வானிலைக்காரர் பிரீஸ் 2-இல் தொடங்கி 6 வரை நீளும். வீட்டுப் பேச்சில் பிரீஸ் என்றால் இதமான இளங்காற்று மட்டும். கதை எழுதும்போது வீட்டு பிரீஸையே எழுதட்டும்.

முதல் மூன்று படிக்கு வீட்டிலேயே ஒத்திகை பார்க்கலாம். ஒரு சாண் நீள டிஷ்யூ தாளை நூலில் கட்டி டேபிள் ஃபேனுக்கு ஒன்றரை மீட்டர் தள்ளித் தொங்கவிடுங்கள். ஃபேன் நின்றிருந்தால் காம். ஒன்றில் வைத்தால் ஜென்டில். மூன்றில் வைத்தால் ஸ்ட்ராங். பிள்ளையே பட்டனை அழுத்தி, தாள் எப்படி அசைகிறது என்று பார்த்துச் சொல்லைச் சொல்லவேண்டும். ஃபேன் வேகத்துக்கும் போஃபோர்ட் எண்ணுக்கும் முடிச்சுப் போடாதீர்கள், அது சொல்லுக்கான நாடகம்தான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோமே, அம்மி பறக்க எத்தனையாம் எண் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். ஏணியில் பதிலில்லாத கேள்விதான், ஆனால் சொற்களையெல்லாம் ஒரு சுற்று திருப்பிச் சொல்லிவிடுவார்கள்.

கஸ்ட் இந்த ஏணியில் ஒரு படி இல்லை. எந்தப் படியிலும் திடீரென்று சில விநாடி எகிறிவிட்டு அடங்குவது கஸ்ட். இதற்கு நம் வானிலை அறிக்கையே நல்ல பாடம். "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும்" என்று புயல் காலத்தில் தினமும் கேட்கிறோம். அந்த "இடையிடையே" இருக்கிறதே, ஆங்கில அறிக்கையில் அந்த இடத்தில் "கஸ்டிங் டு" என்று இருக்கும். இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் வைத்து அந்தச் சொல்லை விரலால் தொட்டுக் காட்டுங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது. ஸ்குவால் என்ற சொல்லும் அங்கே இருக்கும்: திடீரென்று எழுந்து ஒரு நிமிடத்துக்கு மேலாவது நீடிக்கும் காற்று. கஸ்ட் விநாடிக் கணக்கு, ஸ்குவால் நிமிடக் கணக்கு.

புயல் என்று எழுதவேண்டிய இடத்தில் எது? நம் கரைக்கு வருவது சைக்ளோன். இதே சுழலுக்கு அட்லாண்டிக்கில் ஹரிக்கேன், ஜப்பான், ஃபிலிப்பைன்ஸ் பக்கம் டைஃபூன். பெயர்தான் வேறு, பொருள் ஒன்று. சைக்ளோன் என்ற சொல்லே வங்காள விரிகுடாவுக்குச் சொந்தம் எனலாம்: கல்கத்தாவில் இருந்து புயல்களை ஆராய்ந்த ஹென்றி பிடிங்டன், 1840-களில், பாம்பு சுருண்டிருப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை உண்டாக்கினார். செயற்கைக்கோள் படத்தைக் காட்டி இதைச் சொன்னால் பாம்பு உடனே கண்ணுக்குத் தெரியும். ஸ்டார்ம் என்பது இதைவிடப் பொதுவானது. இடியும் மழையுமாக ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போவதும் ஸ்டார்ம்தான். டார்னேடோ நிலத்தில் ஓடும் குறுகிய சுழல், சைக்ளோனுக்குத் தம்பி அல்ல, வேறு குடும்பம். சூறாவளி என்ற சொல்லை மட்டும் நம்பி மொழிபெயர்க்காதீர்கள். இலங்கையில் அது சைக்ளோன். தமிழ்நாட்டு அறிக்கையில் ஸ்குவாலுக்கும் அதைப் போடுகிறார்கள். செய்தித்தாளில் டார்னேடோவுக்கும் வரும்.

இந்திய வானிலைத் துறை மணிக்கு 62 கி.மீ. தொட்டால்தான் சைக்ளோனிக் ஸ்டார்ம் என்று அழைக்கும். ஏணியைப் பாருங்கள், கேல் தொடங்கும் அதே எண். அதற்குக் கீழே டிப்ரெஷன், டீப் டிப்ரெஷன்: தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம். துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டு எண் இதிலிருந்து வேறானது. அது 1 முதல் 11 வரை. "ஐந்தாம் எண் கூண்டு" என்றால் போஃபோர்ட் 5 என்று பிள்ளை நினைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: ஹெவி வேண்டாம், ஸ்ட்ராங்

பலத்த மழை, பலத்த காற்று. நமக்கு ஒரே அடைமொழி. ஆங்கிலத்தில் மழைக்கு ஹெவி, காற்றுக்கு ஸ்ட்ராங். "ஹெவி விண்ட்" நம்மூர் ஆங்கிலச் செய்திகளிலும் தட்டுப்படுகிறது, அதனால் பிள்ளை எழுதினால் கோபப்பட நியாயமில்லை. ஆனாலும் திருத்தவேண்டும். பெய்வதற்கு எடை உண்டு, வீசுவதற்கு வலு உண்டு என்று சொல்லிக்கொடுத்தால் மறக்காது. மெல்லிய மழை லைட், மெல்லிய காற்று லைட் அல்லது ஜென்டில்.

"காற்றா இருக்கு" என்பதை எழுதும்போது எழுவாய் எது என்று திகைப்பார்கள். ஆங்கிலம் சும்மா ஓர் இட் போட்டு ஒப்பேற்றும்: "இட் இஸ் விண்டி." அந்த இட் எதையும் குறிக்காது, காலி நாற்காலி மாதிரி. "விண்ட் இஸ் கமிங்" என்பது "காத்து வருது" என்பதன் நகல். "த விண்ட் இஸ் ப்ளோயிங்" என்று மாற்றுங்கள். ஏருக்கு முன்னால் ஒருமை காட்டும் 'அன்' போடும் பழக்கத்தையும் பாருங்கள். விண்டை எண்ணலாம்: "எ ஸ்ட்ராங் விண்ட்." ஏரை எண்ண முடியாது.

ஐந்தாம் படி: வினைகள்

பெயரில் ஒன்று பலவானது, வினையில் தலைகீழ். நமக்குக் காற்று வீசும், மனிதன் ஊதுவான், மூக்கைச் சிந்துவான். மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே ப்ளோ. காற்று வீசினால் ப்ளோ, பலூனை ஊதினால் ப்ளோ அப், மெழுகுவத்தியை ஊதி அணைத்தால் ப்ளோ அவுட், காகிதம் பறந்துபோனால் ப்ளோ அவே, மரம் சாய்ந்தால் ப்ளோ டவுன், மூக்கைச் சிந்தினால் ப்ளோ யுவர் நோஸ். பிறந்தநாள் விழா ஒன்றைக் கற்பனை செய்யச் சொன்னால் பாதிச் சொற்கள் ஒரே காட்சியில் வந்துவிடும்.

இறந்தகாலம் ப்ளூ, அடுத்தது ப்ளோன். இந்த ப்ளூ நீல நிறத்தின் ப்ளூவோடு ஒரே ஒலி, எழுத்துதான் வேறு: பி, எல், ஈ, டபிள்யூ. சொல்லெழுதச் சொல்லும்போது பாதிப் பேர் நீலத்தை எழுதுவார்கள். கோர்த்துவிட ஒரு குடும்பம் இருக்கிறது: க்ரோ க்ரூ க்ரோன், த்ரோ த்ரூ த்ரோன், நோ நியூ நோன். ஒரே தாளத்தில் நான்கையும் கைதட்டிச் சொல்லவைத்தால் "ப்ளோட்" என்று புதிதாக உண்டாக்குவது நின்றுவிடும்.

காற்று பட்டால் எது என்ன செய்யும் என்பதற்கு நம் இரட்டைக்கிளவிகளே ஏணிப்படி. சலசல என்றால் ரஸில், இலைக்கு. படபட என்றால் இரண்டு: சின்னதாக, லேசாக அடித்துக்கொண்டால் ஃப்ளட்டர், கொடியோ பட்டாம்பூச்சியோ, கனமாக அடித்தால் ஃப்ளாப், கொடியில் காயும் போர்வையோ தார்ப்பாயோ. மெல்ல இப்படியும் அப்படியும் சாய்ந்தாடுவது ஸ்வே, மரத்துக்கும் நாணலுக்கும். கம்பியிலும் கதவிடுக்கிலும் விஸில். ஓநாய்போல் ஊளையிட்டால் ஹவுல். மொட்டைமாடிக் கொடியில் ஒரு கைக்குட்டையையும் ஒரு போர்வையையும் பக்கத்தில் காயப்போட்டுப் பாருங்கள். ஒரே காற்றில் கைக்குட்டை ஃப்ளட்டர், போர்வை ஃப்ளாப். காதாலேயே கேட்டுப் பிரித்துவிடலாம்.

காற்று வலுத்தால் பிக்ஸ் அப், அடங்கினால் டைஸ் டவுன். "விண்ட் ஸ்டாப்ட்" தவறில்லை, ஆனால் மெல்ல அடங்குவதற்கு டை டவுன் போல் பொருந்தாது.

ஆறாம் படி: எங்கிருந்து?

நார்த் விண்ட் என்றால் வடக்கே போகும் காற்று என்றுதான் பிள்ளைகள் முதலில் சொல்வார்கள். இல்லை, வடக்கிலிருந்து வருவது. இதற்கு வேறு உதாரணம் தேடவேண்டாம், தமிழே அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறது. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. ஸீ பிரீஸ் பகலில் கடலிலிருந்து கரைக்கு, லேண்ட் பிரீஸ் இரவில் கரையிலிருந்து கடலுக்கு. நார்த் ஈஸ்ட் மான்சூன் வடகிழக்கிலிருந்து. விதி ஒன்றுதான்.

கையால் செய்த காற்றுத் திசைகாட்டி (வேன்) ஒன்று இருந்தால் இந்தப் பாடம் ஒட்டிக்கொள்ளும். 20 செ.மீ. ஸ்ட்ரா ஒன்றை எடுத்து இரு முனையிலும் 2 செ.மீ. ஆழத்துக்கு நேர்க்கோட்டில் கீறுங்கள். அட்டையில் 5 செ.மீ. முக்கோணம் ஒன்று, அது தலை. 8 செ.மீ. சதுரம் ஒன்று, அது வால். இரண்டையும் செருகுங்கள். பின்னால் ரப்பர் வைத்த பென்சில், ஒரு குண்டூசி, ஒரு பாசிமணி, பென்சிலை நிறுத்தக் கொஞ்சம் களிமண்.

பலர் தடுக்கி விழும் இடம் இங்கே. வால் பெரிது, எனவே கனம் வால் பக்கம். ஸ்ட்ராவை விரலில் நிறுத்திச் சமநிலை பார்த்தால் புள்ளி வாலுக்கு நெருங்கி வரும். அங்கேயே ஊசியைக் குத்தினால் அம்பு தயங்கித் தயங்கி நிற்கும். ஏனென்றால் தலைப்பக்கக் கை நீண்டு, வால்பக்கக் கை குட்டையாகி, வாலின் பெரிய பரப்பு தரும் லாபம் போய்விடுகிறது. தலையில் சிறிது களிமண் ஒட்டி, சமநிலை சரியாக நடுவில், 10 செ.மீ.யில், வரும்வரை கூட்டுங்கள். பிறகு நடுவில் குத்தி, பாசிமணியைக் கோர்த்து, ரப்பரில் இறக்குங்கள். ஊசியை இறுக்கவேண்டாம், ஊதினால் தடையில்லாமல் சுற்றவேண்டும்.

காற்று பெரிய வாலைத் தள்ளிவிடும், தலை காற்று வரும் பக்கம் திரும்பி நிற்கும். அம்பு காட்டும் திசைதான் காற்றின் பெயர். மொட்டைமாடியின் நடுவில் வையுங்கள். கைப்பிடிச் சுவரோரமும் தண்ணீர்த் தொட்டி பக்கமும் காற்று சுழன்று பொய் சொல்லும். போனில் உள்ள திசைகாட்டியை வைத்து நாலு திசையையும் சாக்பீஸால் தரையில் எழுதிவிடுங்கள். செய்துகொண்டே பேசினால் ஏரோ, டெயில், பாயிண்ட், ஸ்பின் ஆகியவை பட்டியலில் இல்லாமலே வந்து சேரும்.

விமான நிலையத்தில் தொங்கும் விண்ட்ஸாக் இதற்கு நேர்மாறாகக் காட்டும். அதன் அகன்ற வாய் காற்று வரும் பக்கம், வால் போகும் பக்கம். வழக்கமாக மணிக்கு சுமார் 28 கி.மீ. வேகத்தில் முழுக்க நிமிர்ந்து நிற்கும். படத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டாவிட்டால் குழப்பம் உறுதி.

ஏழாம் படி: ஒட்டுச் சொற்கள்

விண்ட்மில், விண்ட்பைப், விண்ட்ஸ்கிரீன், விண்ட்ஃபால். மூச்சுக்குழாய் விண்ட்பைப். காரின் முன்கண்ணாடி பிரிட்டனில் விண்ட்ஸ்கிரீன், அமெரிக்காவில் விண்ட்ஷீல்டு. காற்றில் உதிர்ந்து விழுந்த பழம் விண்ட்ஃபால். எதிர்பாராமல் கைக்கு வந்த பணத்துக்கும் அதுவே பெயர்.

விண்ட்மில்லில் மில் என்பது மாவு மில்லில் இருக்கும் அதே மில். நெதர்லாந்தின் கிண்டர்டைக்கில் வரிசையாக நிற்கும் 19 காற்றாலைகள் தண்ணீர் இறைக்கக் கட்டப்பட்டவை. மாவரைக்காவிட்டாலும் மில் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் மூன்று இறக்கையோடு நிற்பவை மின்சாரம் தருபவை, அவற்றுக்கு விண்ட் டர்பைன் என்பதே சரியான சொல். அவை கூட்டமாக நிற்கும் இடம் விண்ட் ஃபார்ம். காற்றாடி என்று தமிழில் சொன்னால் முதலில் எந்த ஊர் என்று கேளுங்கள். சென்னையில் காத்தாடி விடுவது பட்டம் விடுவது, ஆங்கிலத்தில் கைட். ஓலையிலோ காகிதத்திலோ செய்து கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது பின்வீல்.

விண்டோவில் இருக்கும் விண்ட் தற்செயல் இல்லை. பழைய நார்ஸ் மொழியில் காற்றின் கண் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது அது. நம்மிடம் ஜன்னலுக்குப் பழைய பெயர் காலதர்: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. கண்ணாடி இல்லாத காலத்தில் ஜன்னல் எதற்காக இருந்தது என்று இரண்டு மொழியும் தனித்தனியே சொல்லிவைத்திருக்கின்றன. பிள்ளைகள் இதைப் பெரியவர்களிடம் போய்ச் சொல்லிக்காட்டுவார்கள், அதைவிட நல்ல திருப்புதல் கிடையாது.

மரபுத்தொடர் இரண்டு போதும், அதுவும் ஐந்தாம் வகுப்புக்கு. "இட் வாஸ் எ பிரீஸ்" என்றால் சுலபமாக முடிந்தது. "கெட் விண்ட் ஆஃப்" என்றால் காற்றுவாக்கில் தெரியவருவது.

காற்று நாட்குறிப்பு

இரண்டாம் வாரத்திலிருந்து தினமும் ஒரே நேரத்தில், மாலை ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள், மாடிக்குப் போய் நான்கு விஷயம் குறிக்கவேண்டும்: திசை, ஏணி எண், பார்த்தது ஒன்று, ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். "சவுத் ஈஸ்ட், 2. வேப்பமரம். த லீவ்ஸ் ஆர் ரஸ்லிங்." இவ்வளவுதான். மூன்றாம் நாளே "இட் இஸ் விண்டி" என்று தினமும் ஒரே வரி வரத் தொடங்கும். அப்போது விண்டி என்ற சொல்லுக்கு ஒரு வாரம் தடை போடுங்கள். வேறு வழியில்லாமல் பிரீஸி, கஸ்டி, காம் எல்லாம் வெளியே வரும். நேற்று எழுதியதையும் மூன்று நாள் முன் எழுதியதையும் ஒரு வாரம் முன் எழுதியதையும் படித்துவிட்டுத்தான் இன்றையது எழுதவேண்டும். 9 நாளும் இப்படித்தான் செலவாகவேண்டும்.

மழைக்கால மாலையில் இடி கேட்டால் மாடி வேண்டாம், ஜன்னலிலிருந்து பார்த்தால் போதும்.

கடைசி நாள் சோதனைக்குத் தாள் தேவையில்லை. ஐந்து வாக்கியத்தைத் தமிழில் சொல்லுங்கள், பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லட்டும். டயர்ல காத்து இறங்கிடுச்சு. நேத்து பலத்த காத்து, மாமரம் சாஞ்சுடுச்சு. மெழுகுவத்தியை ஊதி அணை. மேற்கேயிருந்து காத்து வீசுது. நாலாவதில் உதட்டைப் பாருங்கள், குவிகிறதா என்று. ஐந்தாவது: "ஃபேனைப் போடும்மா, காத்தே வரல." இதில் ஏரும் விண்டும் இல்லாமல் "இட்ஸ் ஸ்டஃபி, ப்ளீஸ் ஸ்விட்ச் ஆன் த ஃபேன்" என்று வந்தால் மூன்று வாரம் போதும். "விண்ட் இஸ் நாட் கமிங்" என்று வந்தால் அந்த எட்டுத் துண்டுத்தாளையும் மறுபடி எடுங்கள்.